முப்பத்திரண்டு ஜிபி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அவள் ஒரே எண்ணை இரண்டு கட்டங்களில் அடித்தாள். முதல் கட்டத்தில் அது சரி, இரண்டாவதில் தப்பு. அடித்துவிட்டு அடுத்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பத்துவிரல் என்று பெயர். விசைப்பலகையைக் குனிந்து பார்க்காமல் பத்து விரலாலும் அடிப்பாள் என்பதற்காக யாரோ விளையாட்டாக வைத்தது, பதினான்கு வருடத்தில் அதுவே நிலைத்துவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்கள் பத்துவிரல் அக்கா என்பார்கள். விமானத்திலும் கப்பலிலும் போகிற சரக்குகளுக்குப் பத்திரம் தயாரித்துத் தரும் கம்பெனி அது. அனுப்புகிறவர் ஒரு கடிதம் கொடுப்பார். என்ன பொருள், எத்தனை, என்ன எடை, எங்கே போகிறது என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துக் கட்டங்களை நிரப்புவது இவள் வேலை. தண்ணீர்க் குழாய், செருப்பு, பல் டாக்டர் நாற்காலி என்று எது கடல் தாண்டினாலும் இவள் விரலைத் தாண்டித்தான் போகும். அதில் ஒன்றையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை.

அன்றைக்கு வந்தது கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டரில் படங்கள் தெளிவாகவும் வேகமாகவும் ஓட உள்ளே செருகுகிற பலகை. இன்னும் கடைக்கே வராத புது மாடல், சோதித்துப் பார்க்க ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். எண்ணிக்கை முப்பத்திரண்டு. பலகை ஒவ்வொன்றிலும் மெமரி பதினாறு ஜிபி. அவள் எண்ணிக்கைக்கும் முப்பத்திரண்டு என்று அடித்தாள், மெமரிக்கும் முப்பத்திரண்டு என்று அடித்தாள்.

பதினான்கு வருடமாகத் தப்பாத கை அன்றைக்குத் தப்பியதற்குக் காரணம், அவள் ஒழுங்காகத் தூங்கி மூன்று நாளாகியிருந்ததுதான். கணவர் இன்னும் கட்டாத வீடுகளைப் படமாக்கித் தருகிறவர். கட்டிடக்காரர்கள் காலி மனையின் போட்டோவையும் வரைபடத்தையும் கொடுப்பார்கள். இவர் அதைக் கம்ப்யூட்டரில் வீடாக்கி, வாசலில் மரம் வைத்து, பால்கனியில் ஒரு பெண்ணைக் காப்பிக் கோப்பையோடு நிற்க வைத்து, சாயங்கால வெயிலையும் அடித்துத் தருவார். ஒரு படம் முழுதாகத் தயாராகி வர அந்த மெஷினுக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் ஆகும். உள்ளே இருந்தது ஏழு வருடத்துக் கிழட்டு கார்டு. அது ஓட ஆரம்பித்தால் படுக்கையறைக்குள் யாரோ லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி இன்ஜினை அணைக்காமல் போனது மாதிரி இருக்கும். வீட்டில் இரண்டே அறை. மெஷின் படுக்கையறையில்தான் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கணவர் ஒரு நல்ல செய்தி என்றார். கிழட்டு கார்டை மாற்றப் புதிதாக ஒன்றைக் கடையில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார், அதை வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். அடுத்து வரப்போவதில் முப்பத்திரண்டு ஜிபியாம். இப்போது கடையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. இந்த நேரத்தில் போய்ப் பழசை வாங்குகிறவனைப் போல முட்டாள் இருக்க முடியுமா என்றார்.

அவள் செருப்பை மாட்டியபடி, யார் சொன்னார்கள் என்று கேட்டாள். மோப்பக்காரர் என்றார். வரப்போகிற கார்டுகளைப் பற்றி முன்கூட்டியே துப்பு சொல்கிற ஒருவர் இருந்தார். அவருடைய வீடியோக்களைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை, ஒரு நாய் மூக்கின் படம்தான் திரையில் இருக்கும். குரல் மட்டும், பேசுகிறதை நாமே ஒட்டுக்கேட்கிற மாதிரி, தாழ்ந்து வரும்.

"இந்தத் தடவை வெறும் வாய்ப்பேச்சு இல்ல. சரக்குப் பத்திரமே கிடைச்சிருக்கு" என்று போனை நீட்டினார்.

சரக்குப் பதிவுகளைச் சந்தா கட்டி வாங்கி ஒவ்வொரு வரியாகத் துழாவுகிற ஆட்கள் உண்டு என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். போனில் தெரிந்தது ஆறே வரி. ஆனால் எண்ணுக்கும் ஜிபிக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு இருந்தது. அப்படிக் கோடு போடுவது அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான். பல வருடத்துக்கு முன்னால் எவரோ தப்பாகப் படித்துவிட்டார் என்று அவளாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். தன் கையெழுத்தைத் தெருச் சுவரில் பார்த்தது போல அவளுக்குத் திக்கென்றது. நேரமாகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அலுவலகத்தில் போய் முதல் வேலையாகக் கோப்பை எடுத்தாள். கடிதத்தில் பதினாறு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அடித்ததில் முப்பத்திரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் ஓய்வுபெற ஒரு வருடமே பாக்கியிருந்த மனிதர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் பெருமூச்சு விட்டுத்தான் வாங்குவார். எடை சரியா என்று கேட்டார். சரி. விலாசம்? சரி. மதிப்பு? அதுவும் சரி. அப்படியானால் சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டதல்லவா, திருத்தம் ஒன்று போட்டுவிட்டு வேலையைப் பாரு என்றார். மூன்று லட்சம் பேர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரக்கு அனுப்பினவங்ககிட்டருந்து காலையிலயே போன் வந்தாச்சும்மா. நாம எதுவும் பேசக் கூடாதாம். ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லன்னும் சொல்லக் கூடாது. ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்."

வெளியில் வாய் திறக்கமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். திட்டு விழவில்லை, வேலை போகவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு என்னவோ அப்படி இல்லை.

திருத்தம் போட்ட மூன்றாம் நாள் அதுவும் வெளியே வந்துவிட்டது. மோப்பக்காரர் நாற்பது நிமிடம் பேசினார். முப்பத்திரண்டு என்று இருந்ததை அவசர அவசரமாகப் பதினாறு என்று ஏன் மாற்ற வேண்டும்? நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிந்ததால்தானே? இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எதிரில் யாரும் இல்லாததால் அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேச்சு கை கால் முளைத்து நடக்க ஆரம்பித்தது. தொழிற்சாலையில் தன் சிநேகிதன் இருக்கிறான், அவனும் முப்பத்திரண்டுதான் என்கிறான் என்று ஒருவர். முப்பத்திரண்டு ஜிபியைப் பலகையில் எங்கெங்கே வைத்திருப்பார்கள் என்று சதுரம் சதுரமாக வரைந்து காட்டினார் இன்னொருவர். மூன்று விசிறி வைத்த கறுப்பு கார்டு ஒன்றின் படம்கூட வந்துவிட்டது, கொஞ்சம் மங்கலாக, திருட்டுத்தனமாக எடுத்தது போல. அவள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையெல்லாம் கேட்டாள், படித்தாள். மாதம் முழுக்க ஆயிரம் கட்டம் நிரப்புகிறவள் அவள். ஒரு கட்டத்தையாவது யாரும் இவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

ஒரு நாள் நூற்றுக்கணக்கான பேச்சுகளுக்கு நடுவில் ஒரே ஒருவர், பெயர்கூடப் போடாமல், இப்படி எழுதியிருந்தார்: "எங்கோ ஒரு ஆபீஸில் யாரோ அசந்துபோய் எண்ணை மாற்றி அடித்திருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்." கீழே அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். கம்பெனியிடம் காசு வாங்குகிறவன் என்றும், கற்பனை வளம் இல்லாதவன் என்றும் திட்டியிருந்தார்கள். அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு கட்டைவிரலால் அதற்கு ஒரு லைக் போட்டாள். அதற்கு முன்னால் ஒரு லைக்கும் இல்லை, அவளுடையதுதான் முதல்.

வீட்டில் மெஷின் வரவர மோசமாயிற்று. படம் முக்கால்வாசி வந்ததும் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். கணவர் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேஜை விசிறியை உள்ளே பார்த்தபடி வைத்தார். அப்படியும் சூடு தாங்கவில்லை. பாரத்தைக் குறைக்க மரங்களில் இலையை எடுத்தார். ஒரு கட்டிடக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, என்ன சார், வீடு புதுசு, மரமெல்லாம் செத்துக் கிடக்கே என்று கேட்டார். அடுத்த வாரம் அந்தக் கட்டிடக்காரரின் வேலை வேறு ஆளுக்குப் போனது. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், கார்டு வரட்டும், எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறேன் என்று அவர் அவளைத் தேற்றினார். அவள் தேற்றச் சொல்லிக் கேட்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தரையில் உட்கார்ந்து பெயிண்ட் பிரஷ்ஷால் மெஷினுக்குள் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் நினைவுக்கு வந்தது. வந்தால் வரட்டும் என்று ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். வெளியில போகக் கூடாது. போனா என் வேலை போயிடும்."

அவர் நிமிர்ந்தார்.

"அந்தச் சரக்குப் பத்திரத்தை அடிச்சது நான்தான்."

பிரஷ் அப்படியே நின்றது. அவர் கோபப்படுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் முகம் மலர்ந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

"நீயா? நிஜமாவா? கார்டைப் பார்த்தியா?"

"கார்டை எங்க பார்க்கறது. காகிதத்தைத்தான் பார்த்தேன். அதுல பதினாறுன்னுதான் இருந்துச்சு. எண்ணிக்கைதான் முப்பத்திரண்டு. நான் தூக்கக் கலக்கத்துல ரெண்டு இடத்துலயும் முப்பத்திரண்டுன்னு அடிச்சுட்டேன்."

அவர் பிரஷ் முனையை விரலால் நீவிக்கொண்டே யோசித்தார். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னார்.

"நீ தப்பா அடிச்சிருக்கலாம். அதனாலயே அது தப்புன்னு ஆயிடுமா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கினார். இவ்வளவு பெரிய கம்பெனி, சரக்கு அனுப்புகிற ஆபீஸுக்கு உண்மையை எழுதிக் கொடுக்குமா? கசிந்துவிடும் என்று பயந்து பதினாறு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். இவள் கை தவறி உண்மையை அடித்துவிட்டாள். தொழிற்சாலைக்காரனும் அதே எண்ணைச் சொல்கிறானே, அவன் என்ன இவளைக் கேட்டா சொன்னான்?

"என்னைப் பார்த்துத்தாங்க எல்லாரும் சொல்றாங்க."

"பதினாலு வருஷமா நீ ஒரு எழுத்து தப்பா அடிச்சதில்ல. இது மட்டும் எப்படித் தப்பாகும்?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுடைய வேலையை அவர் இவ்வளவு உயர்த்திப் பேசியதில்லை. மூன்று நாள் தூங்காமல் போய் அடித்தது அது என்று சொல்லிவிட்டு மெஷினைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். சாயங்காலம் மேஜையோடு மெஷினை இழுத்து முன்னறையில் போட்டார். சோபாவை நகர்த்த இடமில்லாமல் ஒரு நாற்காலியை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குமேல் அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை.

அடுத்த மாதம் வருகிறது என்றார்கள். பிறகு அதற்கடுத்த மாதம் என்றார்கள். மோப்பக்காரர் ஒவ்வொரு தேதி தவறும்போதும் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார், காரணம் முந்தைய காரணத்தைவிட நன்றாகவும் இருந்தது. கடையில் எடுத்து வைத்திருந்த கார்டு வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். கணவர் அதையும் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டார். பழசை ஏன் நிறுத்துகிறார்கள், புதுசு வாசலுக்கு வந்துவிட்டது என்றார்.

புதுசு வருவதற்குள் பழசு போய்ச் சேர்ந்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம் திரை முழுக்கப் பச்சைக் கோடுகள் ஓடி, பிறகு இருட்டிக்கொண்டதாம். அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் அந்த இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விசிறி மட்டும் மெஷினுக்குள் காற்றை வீசிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை அணைத்தாள். ஒரு வாரம் அவர் ஒன்றும் செய்யவில்லை. இன்னும் பதினைந்து நாளில் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். படம் செய்து தருகிற ஒரு கம்பெனியில் இடம் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர் அவரை உட்கார வைத்து, ஒரு படிக்கட்டை வரையச் சொல்லிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னாராம். மெஷினெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள். நன்றாக ஓடுகிறது என்றார். என்ன கார்டு என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். ஒன்பதிலிருந்து ஆறு வரை அடுத்தவர் நாற்காலியில் உட்காருவது அவருக்குப் பழக்கமில்லை. வந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். இருபது வருடம் தனக்குத்தானே முதலாளியாக இருந்தவர், லீவு கேட்டு எழுத ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு முழித்தபோது அவள்தான் எழுதிக் கொடுத்தாள்.

அவள் அந்தச் செவ்வாய்க்கிழமை பத்திரம் அடித்து எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் கார்டை அறிவித்தார்கள். அன்றைக்கு இருவருக்கும் விடுமுறை. முன்னறையில் உட்கார்ந்து அவள் போனில் பார்த்தார்கள். மேடையில் ஒருவர் நடந்தார், பின்னால் நெருப்பும் கடலும் ஓடின. நிறையப் பேசிவிட்டுக் கடைசியில் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டார்கள்: மெமரி பதினாறு ஜிபி.

அரை மணி நேரத்தில் மோப்பக்காரர் வந்துவிட்டார். முப்பத்திரண்டுதான் இருந்தது, கடைசி நிமிடத்தில் பேராசை பிடித்துப் பாதியாக வெட்டிவிட்டார்கள், நாம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்றார். கீழே ஆயிரக்கணக்கில் ஆமாம் போட்டிருந்தார்கள். கணவர் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினார்.

"இந்த ஆள் உங்க ஆபீஸ்ல இருந்திருந்தா ஒரு செருப்புப் பெட்டிகூட ஊர் போய்ச் சேர்ந்திருக்காது" என்றார்.

அவள் சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு போனை அவளிடம் கொடுத்துக்கொண்டே, "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் காத்திருந்த வார்த்தை அதுதான். வரும்போது நெஞ்சு குளிரும், நாலு வார்த்தை திருப்பிக் கேட்கலாம் என்றெல்லாம் நினைத்திருந்தாள். வந்தபோது ஒன்றும் எழும்பவில்லை. துவைக்கப் போட்ட துணி ஊறிக் கிடக்கிறது என்பதுதான் ஞாபகம் வந்தது.

கார்டு வாங்கலாமா என்று அவள்தான் அடுத்த மாதம் கேட்டாள். இப்போது எதற்கு, சம்பளத்துக்குப் போகிறவனுக்கு வீட்டில் மெஷின் எதற்கு என்றுவிட்டார். மேஜையைப் பின்பக்கம் ஒதுக்கி, எடுத்துவிட்ட நாற்காலியைத் திரும்ப உள்ளே போட்டார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம், அந்த கார்டுகளை அனுப்பிய அதே இடத்திலிருந்து அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் வந்தது. புது மாதிரிகள், பரிசோதனைக் கூடத்துக்கு. பழைய மேலாளர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்த அம்மாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார், பத்துவிரல் ஒவ்வொன்றாக அடித்தாள். இரண்டு பேரும் இரண்டு தடவை சரிபார்த்தார்கள். இதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கணவர் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது. அன்றைக்கு ஒரே வீட்டை நான்கு தடவை மாற்றி வரையச் சொன்னார்களாம். சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

"உங்க ஆபீஸுக்கு அடுத்தது ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு."

"எவ்வளவு?"

"சொல்லக் கூடாதுங்க."

அவர் தலையாட்டினார். கோபமோ ஏமாற்றமோ இல்லை, சரிதானே என்பது போல. மறுபடி ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தில் எதையும் காட்டாமல் வைத்துக்கொண்டாள், அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. கூட்டத்தோடு பஸ் வந்து நின்றது. அவர் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் முதலில் ஏறினாள்.